எண்ணெய்க்கும் ஒரு ரேடியேட்டர்

மோட்டார் வண்டியின் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகாதிருக்கும் பொருட்டு அதனைச் சுற்றி நீர் ஓடுகிறது என்பதும், அந்நீரைக் குளிர்விப்பதற்காக வண்டியின் முன்புறத்தில் ரேடியேட்டர் வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் யாவரும் அறிந்தவையே. பள்ளிப் பாடங்களிலும் இது இடம் பெற்றுள்ளது. ஆனால், எஞ்சினுக்குள் ஓடும் மற்றொரு திரவமாகிய மசகு எண்ணெயும் வெப்பத்தைச் சுமந்து செல்கிறது என்பதும், சில நிலைமைகளில் அவ்வெண்ணெய்க்கும் தனியாக ஒரு ரேடியேட்டர் வேண்டியிருக்கிறது என்பதும் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. சாதாரணச் சாலையில் செல்லும் காரில் இத்தேவை வெளிப்படுவதே இல்லை. அதே காரைப் பந்தயத் தடத்திற்குக் கொண்டு சென்று, இருபது நிமிடங்கள் இடைவிடாது முழு விசையில் ஓட்டும்போதுதான் அது வெளிப்படுகிறது.

ஜப்பானில் ட்சுகூபா, ஃபூஜி முதலிய தடங்களும், இந்தியாவில் இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையம், கிரேட்டர் நொய்டா ஆகிய இடங்களிலுள்ள தடங்களும் பந்தயங்களுக்கு மட்டும் உரியன அல்ல. சொந்தக் கார் வைத்திருப்போர் கட்டணம் செலுத்தித் தங்கள் வண்டியை வேகமாக ஓட்டிப் பார்ப்பதற்கும் குறிப்பிட்ட நாட்களில் அவை திறந்துவிடப்படுகின்றன. அன்று தடத்தில் இறங்கும் வண்டிகளில் பெரும்பாலானவை பந்தயத்திற்கெனக் கட்டப்பட்டவை அல்ல. மறுநாள் காலையில் அலுவலகத்திற்குச் செல்ல வேண்டியவை. ஆகவே, வண்டிக்கு நேரும் சேதம் உரிமையாளரின் பையிலிருந்தே ஈடு செய்யப்படுகிறது.

இவ்வகை வண்டிகளுள் நன்கு அறியப்பட்ட ஒன்று, 2012ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த டொயோட்டா 86 என்னும் ஜப்பானியக் கார். சுபாரு பிஆர்இசட் என்ற பெயரில் விற்கப்பட்டதும் ஏறக்குறைய இதே வண்டியே. இரண்டும் ஜப்பானின் குன்மா மாநிலத்திலுள்ள சுபாரு தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. இதன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் பக்கத்திற்கு இரண்டாகப் படுக்கை நிலையில் எதிரெதிரே அமைந்துள்ளன. மொத்தக் கொள்ளளவு 1,998 கன சென்டிமீட்டர். சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் செல்லும் தூரமும் ஒரே அளவாக 86 மில்லிமீட்டர். நிமிஷத்திற்கு 7,000 சுழற்சிகளில் அது 200 குதிரைத்திறனைத் தருகிறது. எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெய் 5.4 லிட்டர், உற்பத்தியாளர் விதித்த எண்ணெய், 0டபிள்யூ-20 என்னும் மெல்லிய வகை. சாதாரணமாக விற்கப்பட்ட வண்டியில் எண்ணெய்க்கெனத் தனிக் குளிர்விப்பான் இல்லை. சாலைக்கு அது தேவையும் இல்லை. தடத்திற்குச் செல்பவர்கள் முதலில் வாங்கிப் பொருத்திய பொருள்களுள் அதுவும் ஒன்றாயிற்று. அது ஏன் தேவைப்பட்டது, பொருத்துவதனால் வரும் நன்மை என்ன, கேடு என்ன என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

வெப்பம் வரும் வழி

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சுழலும் விசையாக வெளிவருகிறது. மற்றொரு மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சியதை நீரும், எண்ணெயும், எஞ்சினைச் சூழ்ந்த காற்றும் பகிர்ந்து கொள்கின்றன. 200 குதிரைத்திறன் என்பது சுமார் 147 கிலோவாட் ஆதலின், எஞ்சின் முழுத்திறனில் ஓடுகையில் அதற்குள் எரியும் பெட்ரோல் 400 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தை உண்டாக்குகிறது. அதில் எண்ணெயைச் சேரும் பங்கு சிறிதே. எனினும் எண்ணெயின் அளவும் சிறிதல்லவா?

ஒரு கணக்குப் பார்க்கலாம். 5.4 லிட்டர் எண்ணெயின் எடை, சூடான நிலையில், நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோ எண்ணெயின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 2.2 கிலோஜூல் போதும், நீருக்கு 4.2 கிலோஜூல் வேண்டும். எண்ணெயினின்று வெளியேறுவதைக் காட்டிலும் அதனுள் நுழையும் வெப்பம் 5 கிலோவாட் அளவுக்கு மிகுதியாக இருப்பின், அது 10 டிகிரி ஏறுவதற்கு 20 விநாடிகளே பிடிக்கும். ட்சுகூபா தடத்தின் நீளம் 2.045 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷத்திற்குச் சற்று மேல் ஆகும். எனவே, எண்ணெய் சூடேறுவதற்கு நீண்ட பந்தயம் வேண்டியதில்லை. சில சுற்றுகளே போதுமானவை.

இவ்வெப்பம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. முதலாவது பேரிங்குகள். சுழலும் கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே எண்ணெய்ப் படலம் இழுபட்டுத் தேய்கிறது. அந்த உட்தேய்வு முழுவதும் வெப்பமாகிறது. சுழற்சி இருமடங்காகும்போது இவ்வெப்பம் இருமடங்குடன் நில்லாமல் ஏறக்குறைய நான்கு மடங்கை நெருங்குகிறது. நெடுஞ்சாலையில் 2,500 சுழற்சியில் அமைதியாகச் செல்லும் எஞ்சின், தடத்தில் 5,000க்கும் 7,400க்கும் இடையிலேயே நிற்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். இரண்டாவது, பிஸ்டனின் அடிப்பாகம். மேற்புறத்தில் நெருப்பும் அடிப்புறத்தில் தெறிக்கும் எண்ணெயுமாக இருப்பது பிஸ்டன். அதனைக் குளிர்விக்கும் பொறுப்பில் ஒரு பகுதி எண்ணெய்க்கே உரியது. மூன்றாவது, வால்வுகளை இயக்கும் பாகங்கள்.

நீருக்கு ரேடியேட்டரும், அதனை 90 டிகிரி அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் உண்டு. எண்ணெயோ, சம்ப் எனப்படும் அடித்தொட்டியின் தகட்டின் மேல் வீசும் காற்றையே நம்பியிருக்கிறது. சாலையில் 90 முதல் 100 டிகிரி வரை நிற்கும் எண்ணெய், தடத்தில் 120ஐ எட்டுவதும் வெயில் நாளில் 130ஐத் தாண்டுவதும் இதனாலேயே. இதில் வியப்பு என்னவெனில், அவ்வேளையில் ஓட்டுபவரின் முன்னிருக்கும் நீர் வெப்பமானி நடுவிலேயே அசையாமல் நின்று, யாவும் நலமே என்று காட்டிக்கொண்டிருக்கும்!

மெலிந்து போகும் படலம்

130 டிகிரியில் எண்ணெய் கொதிப்பதில்லை, எரிவதுமில்லை. அப்படியாயின் கேடு எங்கே உள்ளது? எண்ணெயின் பாகுநிலையில் உள்ளது. பாகுநிலை என்பது ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தயக்கம். தேன் மெதுவாக வழிகிறது, தண்ணீர் விரைந்து ஓடுகிறது. தேனின் பாகுநிலை அதிகம். எண்ணெய் சூடேற ஏறப் பாகுநிலை குறைகிறது. குறையும் அளவைப் பலர் சரியாக உணர்வதில்லை. சென்டிஸ்டோக் என்னும் அளவையில் கூறுவதாயின், 0டபிள்யூ-20 எண்ணெய் 20 டிகிரியில் சுமார் 100, 40 டிகிரியில் 44, 100 டிகிரியில் 8 என்று இறங்குகிறது. 120 டிகிரியில் 6க்குக் கீழும், 135 டிகிரியில் நாலரை அளவிலும் வந்து நிற்கிறது. அதாவது, 100க்கும் 135க்கும் இடைப்பட்ட முப்பத்தைந்து டிகிரியில், எஞ்சியிருந்ததிலும் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது.

பேரிங்குக்கும் கிராங்க் தண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. பளு மிகும் கணத்தில், ஒரு பக்கத்தில் எண்ணெய்ப் படலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிகிறது. தலைமயிரின் தடிப்பு இதனைப் போல் எழுபது மடங்கு. இப்படலத்தைத் தாங்கி நிறுத்துவது பாகுநிலையே. அது குன்றினால் உலோகம் உலோகத்தைத் தொடும். பேரிங்கின் மெல்லிய மேற்பூச்சு உரியும். பின்னர் நிகழ்வன விரைவாக நிகழும். பேரிங் உருகிப் பிடித்துக்கொண்ட எஞ்சினைப் பழுது பார்ப்பதற்கு ஆகும் செலவு, பழைய கார் ஒன்றின் விலைக்கு ஈடாகிவிடுவதும் உண்டு. இதனோடு, வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் எண்ணெய் காற்றுடன் சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கிறது என்பதையும் சேர்த்துக் கொள்ளவேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். ஓரடி நீளமுள்ள இரண்டு கண்ணாடிக் குழாய்களில் விளக்கெண்ணெயை நிரப்பி, ஒன்றை அறை வெப்பத்திலேயே விட்டு, மற்றொன்றைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் கால் மணி நேரம் நிறுத்தி வைக்கவேண்டும். சைக்கிள் பேரிங்கில் உள்ள சிறு எஃகுக் குண்டுகளில் ஒன்றை ஒவ்வொரு குழாயிலும் போட்டால், குளிர்ந்த எண்ணெயில் குண்டு விரலால் சுட்டிக் காட்டும்படி மெதுவாக இறங்கும். மாணவர்கள் ஐந்தாறு எண்ணிவிடலாம். சூடான எண்ணெயில் ஒன்று எண்ணும் முன்னரே அடியைச் சேர்ந்துவிடும். அடுப்பில் வைத்து எண்ணெயைக் காய்ச்ச வேண்டியதில்லை, காய்ச்சவும் கூடாது.

விளக்கெண்ணெயை இங்கே கூறுவது வெறும் வசதிக்காக மட்டுமன்று. முதல் உலகப் போர்க்காலத்து விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கு இதுவே மசகு எண்ணெய். லண்டனிலிருந்த வேக்ஃபீல்டு கம்பெனி 1909ஆம் ஆண்டில் ஆமணக்கெண்ணெய் கலந்த எஞ்சின் எண்ணெய்க்கு இட்ட ‘காஸ்ட்ரால்’ என்ற பெயரும், ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே. வெப்பத்திலும் படலம் அறாமல் நிற்கும் குணம் அதற்கு உண்டு. ஆனால் நாளடைவில் பிசினாக இறுகி விடுகிறது. அக்குறையாலேயே பின்னர் கைவிடப்பட்டது. உலகில் ஆமணக்கு மிகுதியாக விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில் என்பது உழவுத் துறையினர் அறிந்த செய்தி.

முதலில் அளக்க வேண்டும்

குளிர்விப்பானை வாங்குவதற்கு முன்னர் எண்ணெயின் வெப்பநிலையை அளந்தறிவதே முறை. நூறில் தொண்ணூறு பேர் இம்முறையைத் தலைகீழாகச் செய்கின்றனர் என்றால் மிகையாகாது. எண்ணெய் வடிகட்டியின் அடியிலோ, சம்பிலோ ஓர் உணரியைப் பொருத்தி, ஓட்டுபவர் காணுமிடத்தில் அளவுமானியை வைத்தல் வேண்டும். சம்பில் 125 டிகிரி என்று காட்டினால், பேரிங்கை விட்டு வெளிவரும் எண்ணெய் அதனினும் சூடாகவே இருக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மானியும் உடனிருந்தால் நல்லது. வெப்பநிலை ஏற ஏற அழுத்தம் சிறுகச் சிறுகக் குறைவது மெலிவின் அடையாளம். அவ்வாறின்றி, நீண்ட வளைவுகளில் மட்டும் அழுத்தம் திடீரென விழுந்து நேர்ப்பாதையில் மீண்டு விடுமாயின், அது வெப்பத்தின் குற்றமன்று. எண்ணெய் ஒருபக்கமாக ஒதுங்கியதால் பம்பு காற்றை உறிஞ்சுகிறது என்பதே பொருள். படுக்கை சிலிண்டர் எஞ்சின்களில் இதற்கு இடமுண்டு. எவ்வளவு பெரிய குளிர்விப்பானை மாட்டினாலும் அந்நோய் தீராது.

அளந்து பார்த்தபின், 115 டிகிரிக்கு மேல் ஏறவில்லையெனின் ஒன்றும் செய்யாதிருத்தலே சிறந்தது. 120ஐச் சற்றே தாண்டுகிறது என்றால் செலவில்லாத வழிகள் உள. 7,400 சுழற்சி வரை இழுக்காமல் 6,500இலேயே கியரை மாற்றலாம். நான்கைந்து வேகமான சுற்றுகளுக்குப் பின் ஒரு சுற்றை மெதுவாக ஓட்டி எண்ணெயை ஆறவிடலாம். ஒரு படி கனமான 30ஆம் எண் எண்ணெயை ஊற்றுவதும் ஒரு வழி. அது 112 டிகிரி அளவில் காட்டும் பாகுநிலை, 20ஆம் எண் எண்ணெய் 100 டிகிரியில் காட்டுவதற்குச் சமம். ஆக, ஒரு படி கனத்தால் கிடைப்பது ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு டிகிரிச் சலுகை. வெப்பநிலை இறங்குவதில்லை; பொறுக்கும் ஆற்றலே கூடுகிறது. கனமான எண்ணெய் தன் உட்தேய்வால் வெப்பத்தைச் சிறிது கூட்டவும் செய்யும்.

இவையெல்லாம் செய்தும் 130ஐத் தாண்டுகிறதென்றால், அப்போதுதான் தொழிற்கூடங்களில் ‘ஆயில் கூலர்’ எனப்படும் குளிர்விப்பானுக்கு வேலை வருகிறது.

அமைப்பும் அதன் ஆபத்தும்

அமைப்பு எளியது. எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, எஞ்சினுக்கும் வடிகட்டிக்கும் இடையே ஒரு தட்டையான உலோகத் துண்டு செருகப்படுகிறது. இதற்கு ‘சாண்ட்விச் பிளேட்’ என்று பெயர். பம்பிலிருந்து வரும் எண்ணெயை அது ஒரு குழாய் வழியே வண்டியின் முன்புறத்திலுள்ள அலுமினியக் குளிர்விப்பானுக்கு அனுப்பி, மற்றொரு குழாய் வழியே திரும்பப் பெறுகிறது. குழாய்களின் அளவு ஏஎன்-10 என்பது போலக் குறிக்கப்படும். இது அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் வகுத்த அளவு முறை. கடைசி எண், ஓர் அங்குலத்தைப் பதினாறு பங்காக்கி அதில் எத்தனை பங்கு என்பதைக் காட்டுகிறது. நிமிஷத்திற்கு 20 லிட்டர் எண்ணெய் குளிர்விப்பானில் ஓடி, 15 டிகிரி குறைந்து திரும்புமாயின், ஏறக்குறைய 9 கிலோவாட் வெப்பம் காற்றுக்குப் போய்விடுகிறது. வீட்டில் குளிக்க வெந்நீர் போடும் மின்சாரக் கொதிகலம் நான்கைந்து சேர்ந்து தரும் வெப்பத்திற்கு இது சமம்.

சாண்ட்விச் பிளேட்டில் தெர்மோஸ்டாட் இருத்தல் இன்றியமையாதது. எண்ணெய் எவ்வளவு குளிர்ந்தால் அவ்வளவு நல்லது என்ற எண்ணம் பரவலாக இருப்பினும் அது தவறு. எரிதலின் போது உண்டாகும் நீராவியிலும், எரியாத பெட்ரோலிலும் ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயில் கலக்கிறது. எண்ணெய் 90, 100 டிகிரிக்கு ஏறினால்தான் அவை ஆவியாகி நீங்கும். குளிர்காலக் காலையில், தெர்மோஸ்டாட் இல்லாத குளிர்விப்பானுடன் நெடுஞ்சாலையில் செல்லும் வண்டியின் எண்ணெய் அறுபதிலேயே நின்று, நீரும் பெட்ரோலும் சேர்ந்து கெடும். தடத்தில் எஞ்சினைக் காப்பதற்காக வாங்கிய பொருள், ஆண்டின் மற்ற நாட்களில் அதனைத் தேய்த்துக் கொண்டிருக்கும். ஆகையால், 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும் தெர்மோஸ்டாட்டே வேண்டற்பாலது. மூடியிருக்கும்போதும் அது சிறிதளவு எண்ணெயைக் குளிர்விப்பானுக்குள் விட்டுக்கொண்டிருக்கும். திறந்தவுடன் குளிர்ந்த எண்ணெய் ஒரேயடியாகப் பாய்ந்து வராதிருக்கவே இந்த ஏற்பாடு.

குளிர்விப்பானை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். காற்று வலிந்து நுழைவதில்லை. எளிதான வழி கிடைத்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். எனவே முகப்பிலிருந்து குளிர்விப்பான் வரை பக்கங்கள் அடைபட்ட காற்று வாயில் ஒன்று தேவை. அதன் வாய், குளிர்விப்பானின் முகப்பரப்பில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால் போதும். நுழைந்த காற்று பின்புறமாக வெளியேறவும் வழி இருக்கவேண்டும். மணிக்கு 200 கிலோமீட்டரில் வரும் காற்றின் அழுத்தம், 100 கிலோமீட்டரில் உள்ளதைப் போல் நான்கு மடங்கு. ஃபூஜி தடத்திலுள்ள ஒன்றரைக் கிலோமீட்டர் நேர்ப்பாதையில் குளிர்விப்பான் நன்றாக வேலை செய்யும். குறுகிய வளைவுகள் மலிந்த தடத்தில் பாதி நேரம் சும்மா இருக்கும்.

நீர் ரேடியேட்டருக்கு நேர் முன்னே வைத்தால் பொருத்துவது எளிது. ஆனால் எண்ணெயின் வெப்பத்தைச் சுமந்த காற்றே நீருக்கும் கிடைக்கும். ஒன்றுக்குச் செய்த உதவி மற்றொன்றுக்குக் கேடாவதற்குப் புகழ்பெற்ற சான்று ஃபோக்ஸ்வாகனின் ‘பீட்டில்’ கார். காற்றால் குளிரும் அதன் எஞ்சினில் எண்ணெய்க் குளிர்விப்பான், விசிறிக் கூட்டுக்குள் மூன்றாம் சிலிண்டருக்கு மேலே நின்றது. அச்சிலிண்டருக்கு மட்டும் சூடேறிய காற்றே கிடைத்தது; அதுவே மற்றவற்றிலும் முந்திப் பழுதுற்றது. 1971ஆம் ஆண்டு மாதிரியில் குளிர்விப்பானைத் தனிக் கூட்டுக்கு நகர்த்திய பின்னரே இக்குறை நீங்கிற்று.

இனி, ஆபத்தைப் பற்றி. தொழிற்சாலையில் செய்த எஞ்சினில் எண்ணெய் வெளியே வருவதற்கு இடமே இல்லை. குளிர்விப்பானைப் பொருத்தியபின், குறைந்தது நான்கு இணைப்புகளும், நீண்ட இரண்டு குழாய்களும், மெல்லிய அலுமினியப் பெட்டி ஒன்றும் புதிதாக எஞ்சினின் உயிர்நாடியில் சேர்கின்றன. எண்ணெய்ப் பம்பு வேகமான சுழற்சியில் நிமிஷத்திற்கு 40 லிட்டர் அளவில் எண்ணெயைத் தள்ளுவதாகக் கொண்டால், ஒரு குழாய் கழன்று விழுந்தவுடன் சம்ப் காலியாக எட்டு விநாடிகளே ஆகும். ஓட்டுபவர் எச்சரிக்கை விளக்கைக் கண்டு காலை எடுப்பதற்குள் காரியம் முடிந்துவிடலாம். அவ்வெண்ணெய் போகுமிடமும் கவலைக்குரியது. புகைக்குழாயின் மேல் விழுந்தால் தீப்பற்றும். தடத்தில் ஓடும் எஞ்சினின் புகைக்குழாயின் வெப்பநிலை 500 டிகிரிக்கும் மேற்பட்டது. தரையில் சிந்தினால் பின்னால் வருபவர் வளைவில் வழுக்கிச் சுவரில் மோதக்கூடும். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இட்ட கொடியைத் தடக் காவலர் காட்டுவது இதற்காகவே. சொந்த வண்டியைக் காக்கும் முயற்சி அறியாத ஒருவரின் உடலுக்கு ஊறாக முடியுமிடம் இதுவாதலால், இவ்வேலையில் சிக்கனத்திற்கு இடமில்லை.

சாதாரண ரப்பர்க் குழாயைத் திருகு வளையத்தால் இறுக்கி விடுவது அடிக்கடி காணப்படும் பிழை. நீர்க்குழாய்க்கு அது போதும். எண்ணெயின் அழுத்தமும் வெப்பமும் அதனைப் பிடுங்கி எறிந்துவிடும். எண்ணெய்க்கென்றே செய்த குழாயும், உரிய முனைப்பூட்டும் வேண்டும். எஃகு வலை பின்னிய குழாய் ரம்பம் போன்றது. உரசுமிடத்தில் எதனையும் அறுத்துவிடும் ஆகையால் ரப்பர் உறை இடவேண்டும். எஞ்சின் அசையும், உடற்சட்டம் அசையாது. எனவே குழாய்க்குத் தளர்ச்சி கொடுத்து, குளிர்விப்பானை ரப்பர் மெத்தையின் மேல் நிறுத்தவேண்டும். வடிகட்டியைக் கழற்றும்போது அதன் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; அதனைக் கவனியாது புதியதை அதன்மேல் வைத்து இறுக்கியோர் பலர். மிகச் சிறிய அவ்வளையத்தால் போன எஞ்சின்கள் உண்டு.

இந்திய நிலைமையில் மற்றொன்றும் கருதத்தக்கது. குளிர்விப்பான் வெளியேற்றும் வெப்பம், எண்ணெய்க்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. ஜப்பானில் தடத்தில் நேரக்கணக்கு ஓட்டுவோர் 5 டிகிரிக் குளிரையே தேடிப் போகின்றனர். அங்கே 120 டிகிரி எண்ணெய்க்கு 115 டிகிரி வேறுபாடு கிடைக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஏப்ரல் பிற்பகலில் காற்றே 40 டிகிரி, வேறுபாடு 80தான். அதே குளிர்விப்பான் இங்கே பத்தில் ஏழு பங்கு வேலையே செய்யும். வெளிநாட்டு விளம்பரத்தைக் கண்டு அளவைத் தேர்ந்தெடுப்போர் இதனைக் கணக்கிற் கொள்வதில்லை. இக்கருவியை நேரில் காண விரும்பும் ஆசிரியர், பந்தயத் தடத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. 2018இல் வந்த ராயல் என்ஃபீல்டு 650 மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்திற்குப் பின்னால், எஞ்சினுக்கு முன்பாக, சிறு ரேடியேட்டர் போலத் தெரிவது எண்ணெய்க் குளிர்விப்பானே. பஜாஜ் பல்சர் 220இலும் அது உண்டு. இவற்றில் நீர் ரேடியேட்டர் இல்லாமையால் மாணவர்க்குக் குழப்பமும் நேராது.

2.4 லிட்டர் எஞ்சினுடன் பின்னர் வந்த இரண்டாம் தலைமுறை 86, பிஆர்இசட் வண்டிகளில், தொழிற்சாலையே எண்ணெய்க்கு ஒரு குளிர்விப்பானைப் பொருத்தியது. அது காற்றால் குளிர்வதன்று. எஞ்சினின் நீரைக்கொண்டு குளிர்விப்பது. காலையில் விரைவாகச் சூடேறும் நீர், குளிர்ந்த எண்ணெயையும் சேர்த்துச் சூடாக்கிவிடும். பிற்பகலில் அதே நீர் எண்ணெயின் மிகை வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். நீண்ட குழாய்களும் முகப்பில் கல்லடிபடும் பெட்டியும் இல்லை. ஆனால் எண்ணெய் ஒருபோதும் நீரைவிடக் குளிராது. நீர் ரேடியேட்டரின் சுமையும் கூடும். சாலையும் தடமும் கலந்து ஓடும் வண்டிக்கு இதுவே பொருத்தமானது என்பதில் ஐயமில்லை. வெயில் நாட்டில், நீண்ட நேரம் தடத்தில் நிற்பவருக்கு மட்டுமே காற்றுக் குளிர்விப்பானின் கூடுதல் உதவி தேவைப்படும்.

பொருத்தி முடித்தபின் செய்ய வேண்டியவை சில உள. குழாய்களும் குளிர்விப்பானும் அரை லிட்டருக்குக் குறையாமல் எண்ணெயைத் தம்முள் வாங்கிக்கொள்ளும். ஆதலின் எஞ்சினைச் சில நிமிஷங்கள் ஓடவிட்டு, நிறுத்தி, அளவுகோலைப் பார்த்துக் குறைந்ததை நிரப்பவேண்டும். எண்ணெய் 90 டிகிரியைக் கடந்து தெர்மோஸ்டாட் திறந்தபின் மற்றொரு முறையும் பார்த்தல் நலம். முதல் ஓட்டத்தை ஐந்து சுற்றுகளுடன் நிறுத்தி, ஒவ்வோர் இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் தெரிந்துவிடும். எண்ணெய் மாற்றும் காலத்தில் சம்பின் திருகைக் கழற்றினாலும், குளிர்விப்பானிலுள்ள பழைய எண்ணெய் இறங்காமல் அங்கேயே தங்கிவிடும் என்பதையும் கணக்கிற் கொண்டு, தடத்தில் ஓடும் வண்டிக்கு எண்ணெய் மாற்றும் தவணையைச் சாலை வண்டிக்கு விதித்ததிலும் குறைத்துக் கொள்வது வழக்கம்.